இயக்க ஆங்கிலக் கழகத்தில் ஒரு புறப்பாடு

தனேஸ்வரனை ஆங்கிலம் படிக்க அனுப்பியதற்குக் காரணம் கோஸ்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வண்டியைப் பின்னால் எடு என்று பொருள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் சண்டை போடாமல் பகிர்ந்துகொள்ளும் சில சொற்களில் ஒன்று. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டு எழுப்பிய கையுறைத் தொழிற்சாலையில் சன்னாசி அண்ணன் ஒருநாள் ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். தனேஸ்வரன் கையை ஆட்டி, "கோஸ்தான், கோஸ்தான், இன்னும் கோஸ்தான்!" என்று கத்தினான். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தணிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்தபடி நின்றார். ஊருக்குத் திரும்பியதும் அறிக்கை அனுப்பினார். அதில் ஒரு வரி: "கோஸ்தான் என்கிற மேற்பார்வையாளரைத் தொழிலாளர்கள் பலமுறை கூவி அழைத்தும் அவர் கடைசிவரை வரவே இல்லை."

நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. பணியாளர் பட்டியலில் கோஸ்தான் யாரும் இல்லை. இல்லாத ஒருவர் எப்படி வேலைக்கு வராமல் இருக்கலாம் என்று மனிதவளப் பிரிவு கவலைப்பட்டது. கடைசியில் யாரோ உண்மையைச் சொன்னார்கள். உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது. வண்டியோ சரக்கோ நகர்த்தும் எல்லாரும் ஈப்போவில் உள்ள இயக்க ஆங்கிலக் கழகத்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காதவர்களுக்குப் பகல் ஷிப்ட் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் பகலில்தானே வருகிறார்கள். இரவில் யாரை வேண்டுமானாலும் தமிழில் இடித்துக்கொள்ளலாம்.

தனேஸ்வரன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவன். ஆங்கிலம் அவனுக்கு வரும். அதிகம் பேசத்தான் மாட்டான். மனைவி குமுதா போன வருசம் இறந்த பிறகு தமிழிலும் அதிகம் பேசுவதில்லை. மகள் நிவாஷினிக்கு நான்கு வயது. சுற்றறிக்கைக்குப் பிறகு அவனுக்கு இரவு ஷிப்ட் என்பதால் அவள் அத்தை, அவன் அக்காள் கலாதேவியின் வீட்டில் தூங்கினாள். அவன் தூங்கும்போது அவள் விழித்திருப்பாள், அவள் தூங்கும்போது அவன் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பான். அந்தி நேரத்தில் அக்காள் வீட்டு கேட்டருகே கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்வார்கள். பகல் ஷிப்ட் கிடைத்தால் பிள்ளை இரவில் தன் வீட்டில் தூங்கும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கழகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தொழிற்சாலை வேன் அவர்களை வாசலில் இறக்கிவிட்டது. மேலே போனால் ஒரே பெரிய கூடம். நடுவில் ஒரு கதவு நின்றது. சுவர் இல்லை, கதவு மட்டும். ஒரு மூலையில் ஐந்து படிகள் ஏறி எங்கும் போகாமல் நின்றன. அட்டையில் செய்த ஒரு சுரங்கம். தரையில் நீல வண்ணம் பூசிய ஆறு, அதன்மேல் பலகைப் பாலம். ஜன்னலோரம் பழைய பஸ் ஒன்றின் முன்பாதி. பின்பாதிக்கு நிதி ஒதுக்கீடு வரவில்லை என்று ஒரு அட்டை சொன்னது.

சன்னாசி அண்ணன் சுற்றிலும் பார்த்தார். "என்னா தம்பி இது, புள்ளைங்க வெளையாடுற எடத்துக்கு வந்துட்டமா?"

"வெளையாட்டுன்னா பிள்ளைங்கதானே ஜெயிக்கும்?" என்றார் முத்தம்மா. அவர் பொட்டலக் கட்டுப் பிரிவில் தள்ளுவண்டி தள்ளுகிறவர். இருபது வருசமாக யாரையும் இடித்ததில்லை. அதனால் அவருக்கும் பயிற்சி தேவை என்று நிர்வாகம் முடிவுசெய்திருந்தது.

மேசையில் உட்கார்ந்திருந்த விமலாதேவி அம்மையார் பதிவாளர். தேர்வாளரும் அவர்தான். கழகத்தை நடத்தும் பணிப்பாளர் ஸ்கந்தராஜாவின் மனைவியும் அவர்தான். முதல் இரண்டு பதவிகளை மட்டும் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகை குறிப்பிட்டது.

பணிப்பாளர் வருவதற்கு முன் அவர் குரல் வந்தது. படிக்கட்டிலிருந்து, "ஐ ஆம் கமிங்..." என்று கேட்டது. பிறகு நீண்ட அமைதி. மூச்சு வாங்கும் சத்தம். எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். "...அப்," என்று முடித்து, மார்பைத் தடவிக்கொண்டே அவர் உள்ளே வந்தார். விமலாதேவி பதிவேட்டில் ஒரு கோடு போட்டார்.

"இங்க ஒரு விதி," என்றார் பணிப்பாளர் யாழ்ப்பாணத் தமிழில். "இந்தக் கட்டடத்துக்குள்ள ஆர் அசைஞ்சாலும், அசையிறதுக்கு முன்னம் ஆங்கிலத்தில அறிவிக்க வேணும். எங்கயிருந்து, எதுக்குள்ள, எதுக்கு மேல, எதுக்கு ஊடாக. அறிவிக்காத அசைவு அசைவே இல்லை. பதிவில வராது. எனக்கும் அதே விதிதான்."

சுவரில் மற்ற விதிகள் சட்டம் போட்டுத் தொங்கின. பணிப்பாளர் செய்துகாட்டுவதே சரியான விடை. பணிப்பாளர் கட்டடத்துள் இல்லாத வேளையில் இடப்படும் முத்திரை செல்லாது. மூழ்கியவர்கள் பெஞ்சில் அமரவும்.

"எனக்கு என்ன தகுதி எண்டு நீங்கள் கேக்கலாம்," என்று தொடர்ந்தார் அவர். யாரும் கேட்கவில்லை. "முப்பது வருசம் அரசாங்கக் கந்தோரில இருந்தனான். என்ர மேசைக்கு வந்த ஒரு கோப்பும் என்ர அனுமதி இல்லாமல் அசைஞ்சதில்லை. அனுமதி இருந்தும் கனக்க அசைஞ்சதில்லை. அசைவை நிப்பாட்டத் தெரிஞ்சவனுக்குத்தான் அசைவின்ர அருமை தெரியும்."

விமலாதேவி மட்டும் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

பாடம் பாதிப் பஸ்ஸில் ஆரம்பித்தது. "பஸ்ஸில ஏறினால் கெட் ஆன். காரில ஏறினால் கெட் இன்," என்றார் பணிப்பாளர்.

சன்னாசி கையைத் தூக்கினார். "சார், நான் ஒருநாளும் பஸ் மேல ஏறுனதில்ல சார். உள்ளதான் குந்துவேன்."

"ஆங்கிலத்தில பஸ்ஸுக்கு உள்பக்கம் இல்லை."

"அப்ப மழ பேஞ்சா நனைவாங்களா சார்?"

பணிப்பாளர் பாதிப் பஸ்ஸின் கூரையைத் தொட்டுப் பார்த்தார். "அது அடுத்த நிலைப் பாடம்."

அடுத்தது ஆறு. பலகைமேல் நடந்தபடி "வாக்கிங் அக்ராஸ்" என்று சொல்ல வேண்டும். முத்தம்மா சொல்லைச் சரியாகச் சொன்னார், கால்தான் தவறி நீலத்தை மிதித்தது. மூழ்கியதாக அறிவிக்கப்பட்டு அவர் பெஞ்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே போகும்போது "வாக்கிங் அவுட் ஆஃப்" என்று சொல்லித்தான் ஆற்றைவிட்டு வெளியேற வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதனால் அவர் வெகுநேரம் ஆற்றிலேயே நின்றார். தண்ணீர் இல்லாதது நல்லதாயிற்று.

ஆனால் பெரிய சிக்கல் சன்னாசி அண்ணனுக்குத்தான் வந்தது. முதல் நாள் மதியம் அவர், "கோயிங் இன்டு த டாய்லெட்" என்று அழகாக அறிவித்துவிட்டுப் போனார். வரும்போது பசி. அறிவிக்க மறந்து நேரே வந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. அவருக்கு இல்லை.

"மேடம், எனக்கு மாக்கான் வல்ல."

விமலாதேவி பதிவேட்டைப் பார்த்தார். "பதிவின்படி நீங்கள் இன்னும் கழிப்பறையிலதான் இருக்கிறியள்."

"இங்கதான குந்திருக்கேன்!"

"அப்பிடி ஒரு பதிவும் இல்லை."

"சரி, இப்ப போயி, வெளிய வந்துட்டேன்னு சொல்லிட்டு வாரேன்."

"போகேலாது. உள்ளே இருக்கிறவர் திரும்ப எப்பிடி உள்ளே போவார்?"

முத்தம்மா தன் சோற்றில் பாதியை அவருக்குக் கொடுத்தார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வருகைப் பதிவில் சன்னாசி கழிப்பறையிலேயே இருந்தார். வகுப்பில் அவர் சொன்ன சரியான விடைகளுக்கெல்லாம் மதிப்பெண் கிடைக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போன முன்னேற்ற அறிக்கையில், "வயிற்று உபாதை நீடிக்கிறது" என்று எழுதப்பட்டிருந்தது. மேலாளர் அனுதாபம் தெரிவித்து ஒரு கூடைப் பழம் அனுப்பினார். அதுவும் கழிப்பறை வாசலிலேயே வைக்கப்பட்டது.

தனேஸ்வரனுக்கு ஒரு சிக்கலும் இல்லை. சுரங்கத்துக்கு ஊடாகப் போனான், படியேறினான், இறங்கினான், பாதிப் பஸ்ஸைவிட்டு இறங்கினான், எல்லாவற்றையும் அறிவித்தான். ஊருக்குத் திரும்பும் வேனில் சன்னாசி, "ஒனக்கு என்னா தம்பி, நேரா பகல் ஷிப்ட்டுதான்" என்றார். அவன் தலையை ஆட்டினான். நிவாஷினியின் போர்வையை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் வெயில் சீக்கிரம் வரும்.

தேர்வு நாளில் கடைசி நிலையம் சுவரில்லாத கதவு. அதற்குப் புறப்பாட்டு நிலையம் என்று பெயர். விமலாதேவி அம்மையார் வீட்டுக்காரராக ஒரு நாற்காலியில் உட்காருவார். தேர்வு எழுதுபவர் விருந்தாளி. எழுந்து, கதவைத் திறந்து, "ஐ ஆம் கோயிங் அவே" என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்.

முதலில் முத்தம்மா. கதவைத் திறந்தார். "கோ அண்ட் கம், மேடம்."

"பிழை."

அடுத்தவர் கிடங்கு லாரி ஓட்டுகிறவர். "ஐ கம் லா, மேடம்."

"நீங்கள் போறியள். வரேல்லை. பிழை."

அடுத்தவர் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு கும்பிடு போட்டுப் போனார். அதுவும் பிழை. தனேஸ்வரன் முறை வந்தது. அவனுக்கு வாக்கியம் தெரியும். நான்கே சொற்கள். கதவைத் திறந்தான். வாயைத் திறந்தான்.

நிவாஷினிக்கு ஒரு பழக்கம். குமுதாவைக் கொண்டுபோன அன்று வீட்டுக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் முறைப்படி சொல்லாமலே கிளம்பினார்கள். அந்த வீட்டில் வாரேன் என்று சொல்லக்கூடாது. பிள்ளைக்கு அந்த முறை தெரியாது. ஒவ்வொருவராக ஒன்றும் சொல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து வாரேன் என்று சொல்லாத யாரையும் அவள் விடுவதில்லை. கேஸ் கொண்டுவரும் சீன அங்கிள்கூட வாசலில் நின்று, "வாரேன் லா" என்று சொன்னால்தான் கேட் திறக்கும். தனேஸ்வரனிடம் தினமும், "வாரியா?" என்பாள். "வாரேன்" என்றால்தான் சட்டையை விடுவாள்.

"ஐ ஆம்," என்றான் தனேஸ்வரன். பிறகு நின்றுவிட்டான். வெகுநேரம் கழித்து, "போயிட்டு வாரேன், மேடம்," என்றான்.

"பிழை," என்றார் விமலாதேவி.

மொத்த அணியும் தோற்றது. கழக வரலாற்றில் இப்படி நடந்ததில்லை. கழகம் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் வரலாறு வரலாறுதான்.

பணிப்பாளர் எல்லாரையும் கூட்டினார். "இது உங்கட பிரச்சினை இல்லை. எங்கட சனத்தின்ர பிரச்சினை. ஆங்கிலேயன் போனால் போனான். நாங்கள் போகேக்கையே வாறம் எண்டுறம். ஒரு வாக்கியத்தில ரெண்டு திசை! ரெண்டு திசையில போற வண்டிக்கு டீசல் எவ்வளவு வீண், யோசிச்சுப் பாருங்கோ. போறதை ஒழுங்காப் போகத் தெரியாததாலதான் நாங்கள் எங்கயும் போய்ச் சேரேல்லை."

"வெள்ளக்காரன் எங்க சார் போனான்?" என்றார் கழிப்பறையிலிருந்து பேசும் உரிமை மட்டும் கொண்ட சன்னாசி. "போனவனுக்கு நீங்க இன்னும் கதவு கட்டி வச்சிருக்கீங்களே."

அந்தக் கருத்து பதிவாகவில்லை.

மறுதேர்வு உண்டு, ஒரு முறைதான் என்று அறிவித்தார்கள். அதிலும் தோற்றால் நிரந்தர இரவு ஷிப்ட் என்று தொழிற்சாலை எழுதியிருந்தது. இடையில், திரும்பாப் புறப்பாடு என்று ஒரு சிறப்பு வகுப்பு. மனிதர்களிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் முதலில் பொருள்களிடம் பழக வேண்டும் என்பது பணிப்பாளரின் கண்டுபிடிப்பு. கூடத்தின் நடுவில் ஒரு முக்காலி போடப்பட்டது. ஒவ்வொருவரும் முக்காலியைப் பார்த்து, நான் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விலக வேண்டும்.

முத்தம்மா முக்காலியை ஏற இறங்கப் பார்த்தார். "மாட்டேன் சார்."

"ஏன்? அது முக்காலி."

"முக்காலின்னா என்னா சார்? இவ்ளோ நேரம் நம்மள ஒக்கார வச்சிச்சில்ல. அதுகிட்ட போயி அப்பிடிச் சொல்லச் சொல்றீங்களே, பாவம் லா."

லாரிக்காரர் முக்காலியைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். தனேஸ்வரன் அதன் முன்னால் நின்றான், ஒன்றும் சொல்லாமல் திரும்பினான். அன்று மாலை கேட்டருகே நிவாஷினியிடம், "பாப்பா, அப்பா போறேன்னு சொன்னா என்னா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். பிள்ளை சட்டையை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டாள். கலாதேவி உள்ளேயிருந்து, "ஏண்டா, ஒனக்குப் பைத்தியமா?" என்று திட்டினாள்.

மறுதேர்வு நாள் வந்தது. படிக்கட்டில் பணிப்பாளரின் "கமிங்" கேட்டு "அப்" வருவதற்குள் கீழே டயர்க்காரர் ஒரு டயரையே மாற்றிவிட்டார். உள்ளே வந்தவர் கையில் ஒரு சின்னப் பை இருந்தது. முகம் சாம்பலாக இருந்தது.

"இண்டைக்கு உங்களுக்கு ஒரு அரிய வாய்ப்பு," என்றார். "இவ்வளவு நாளும் நாங்கள் நடிப்புப் புறப்பாடுதான் காட்டினனாங்கள். இண்டைக்கு நான் உண்மையாவே புறப்படுறன். எனக்கு ஆஸ்பத்திரியில இடம் போட்டிருக்கு. நாளைக்கு இருதயத்தில மூண்டு இடத்தில அடைப்பு எடுக்கினம். கீழ டாக்சி நிக்குது. பொய்யில்லாத ஒரு போறதை நீங்கள் கண்ணாலே பாக்கலாம். ஆங்கிலேயன் எப்பிடிப் போவானோ அப்பிடி. விமலா, கதிரையில இரும்."

விமலாதேவி அம்மையார் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் பதிவேடு. கையில் பேனா. தலையைத் தூக்கவில்லை.

பணிப்பாளர் பையை எடுத்துக்கொண்டு சுவரில்லாத கதவைத் திறந்தார். நிமிர்ந்து நின்றார். "ஐ ஆம்," என்றார் உரக்க.

மாணவர்கள் காத்திருந்தார்கள்.

"கோயிங்," என்றார்.

படிக்கட்டில் எடுத்துக்கொள்ளும் இடைவெளிதான் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. அவர் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது விதி. திரும்பிப் பார்த்தார். விமலாதேவியின் பேனா தாளைத் தொட்டபடி நின்றது, எழுதவில்லை. கீழே டாக்சி ஒருமுறை ஹார்ன் அடித்தது.

பணிப்பாளர் கதவை மூடினார். தொண்டையைச் செருமினார். மறுபடி திறந்தார். "ஐ ஆம் கோயிங்." மறுபடியும் அங்கேயே நின்றார்.

சன்னாசி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனேஸ்வரன் அவர் கையைப் பிடித்தான்.

"இஞ்சருங்கோ," என்றார் விமலாதேவி, குனிந்தபடியே. இதுவரை யாரும் கேட்டிராத குரல். "ஒழுங்காச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ."

பணிப்பாளர் பையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"போட்டு வாறன், விமலா."

"ம்," என்றார் விமலாதேவி.

அவர் கதவு வழியே போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவர் இல்லாத இடத்தில், எல்லாரும் போகிற வழியில் போனார். தனேஸ்வரன் பின்னாலேயே போய் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டான். படியிறங்கும்போது அவர் ஒன்றையும் அறிவிக்கவில்லை. ஒவ்வொரு படியாக, தனேஸ்வரனின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும், "தம்பி," என்றார். "வாறன் என்ன?"

"வாங்க சார்," என்றான் தனேஸ்வரன்.

அவன் மேலே வந்தபோது எல்லாரும் சுவரில்லாத கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமலாதேவி தன் மேசைக்குத் திரும்பிப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பணிப்பாளர் புறப்பாட்டை அறிவிக்கேல்லை," என்றார் பதிவாளர் குரலில். "அறிவிக்காத அசைவு அசைவே இல்லை. ஆகவே பதிவின்படி அவர் கட்டடத்துக்குள்ளதான் இருக்கிறார்."

பதிவேட்டை மூடிவைத்தார்.

"அவர் உள்ளே இருக்கிறபடியால் முத்திரை செல்லும்." இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். "அவர் செய்துகாட்டுறதுதான் சரியான விடை. என்ன செய்துகாட்டினவர் எண்டு எல்லாரும் பாத்தனீங்கள். ஒவ்வொராளாக வாங்கோ. சொல்லிப்போட்டுப் போங்கோ."

முத்தம்மா முதலில் போனார். "போயிட்டு வாரேம்மா."

"சரி." முத்திரை விழுந்தது.

"வாரேன் லா, மேடம்." சரி. முத்திரை.

தனேஸ்வரன் மேசை முன் நின்றான். அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். முத்திரையைத் தூக்கியவர் குத்தவில்லை. அவன் சொல்வதற்காகக் காத்திருந்தார். அந்தப் பார்வை அவனுக்குத் தெரிந்த பார்வை. தினமும் கேட்டருகே, சட்டையைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் பார்வை.

"வாரேன், மேடம்," என்றான். "சாரும் வந்துருவாரு."

முத்திரை விழுந்தது.

"மேடம், நான்?" என்றார் சன்னாசி. "நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

விமலாதேவி பேனாவை எடுத்துப் பழைய பக்கத்தைத் தேடி ஒரு கோடு போட்டார். "வெளியே வந்திட்டியள்," என்றார். "பழக்கூடையை எடுத்துக்கொண்டு போங்கோ. அழுகுது."

பணிப்பாளர் திரும்பி வந்தார். கொஞ்சம் இளைத்து, கொஞ்சம் சத்தம் குறைந்து. ஆனால் அவர் வருகையைப் பதிவேட்டில் எழுத முடியவில்லையாம். போகாத மனிதர் எப்படி வர முடியும் என்று பதிவாளர் மறுத்துவிட்டாராம். பணிப்பாளர் மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மேலிடம் அவர்தான். அந்தக் கோப்பு இன்னும் அவர் மேசையில் அசையாமல் இருக்கிறது என்று முத்தம்மா கேள்விப்பட்டுச் சொன்னார்.

கிடங்கில் இப்போது யாரும் கோஸ்தான் என்று சொல்வதில்லை. அதாவது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து நிற்கும்போது.

தனேஸ்வரனின் முதல் பகல் ஷிப்ட் அன்று, விடிந்தும் விடியாமலும் நிவாஷினி அரைத்தூக்கத்தில் கேட்டருகே வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். இந்தத் தடவை அவர்கள் வீட்டு கேட். கலாதேவி உள்ளே மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள்.

"வாரியா?"

"வாரேன்."

பிள்ளை கையை விட்டது. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனான். மாலை விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டான்.